அரிசியில் அம்மா

அக்டோபர் 8

பிரிக்பீல்ட்ஸ் பேரங்காடியின் மேனேஜர் மிஸ் லிம் என் வரைபடத்தைப் பார்த்த உடனே ஓகே என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மயில், தாமரை, குத்துவிளக்கு என்று கேட்பவர். இந்த வருடம் வண்ண அரிசிக் கோலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் போடப் போகிறேன் என்றால் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். யாரும் சும்மா தலையாட்ட மாட்டார்கள்.

கணக்காய்வு வேலையை விட்டேன், ரேடியோவுக்கு எழுதினேன், கல்யாண மேடை கட்டினேன். எங்கெங்கோ சுற்றி அரிசியில் வந்து நிற்கிறேன். என் இஷ்டத்துக்கு ஒன்று வரைவது இதுதான் முதல் தடவை. இதிலாவது யாரும் கை வைக்காமல் இருக்கவேண்டும்.

அக்டோபர் 11

முடித்தாயிற்று. நானும் தோழி கௌசல்யாவும் முட்டி தேய நிரப்பினோம். ஹெல்மெட்டோடு கையுறைத் தொழிற்சாலைக்குக் கிளம்பும் அம்மா. நெற்றி வெறுமை. நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அப்பா போனார், அன்றிலிருந்து அப்படித்தான். அதை மறைத்து வரைந்தால் பொய்.

கௌசல்யா முணுமுணுத்தாள். "நல்ல நாள்லா. ஒரு பொட்டு வெச்சா என்ன?"

மாட்டேன் என்றேன். ஊருக்காக ஒரு மணி அரிசிகூட நகர்த்தமாட்டேன்.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டார்.

அக்டோபர் 13

காலையில் போனால் நெற்றியில் பொட்டு! சிவப்பு அரிசி, திருத்தமான வட்டம். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

வருகிறவர்கள் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று மிஸ் லிம் எனக்காகக் கவலைப்படுகிறாராம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

அக்டோபர் 14

மறுபடியும். எடுத்தேன்.

அம்மாவும் சரியில்லை. மதியத்துக்கு மேல் ஷிப்ட் வைத்துக்கொண்டு விடியும் முன்பே குளித்துக் கிளம்புகிறார். கேட்டால் கோயிலாம். கோயிலுக்குப் போனவர் கையில் திருநீறு மடித்த ஒரு காகிதம்கூட இல்லை. இந்த வயதில் என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 15

மூன்றாவது தடவை. மிஞ்சிய சிவப்பு அரிசி கௌசல்யாவிடம் பாதி, எங்கள் வீட்டில் பாதி. எங்கள் வீட்டுப் பாதியை நான் தொடவில்லை. அப்படியென்றால்?

நேராகக் கேட்டுவிட்டேன். கௌசல்யா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "உன் கண்ணுக்கு உலகத்துல ஒருத்தரும் நல்லவங்க இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுதாள் போலிருக்கிறது. அழுதால் குற்றமில்லை என்று ஆகிவிடுமா?

அக்டோபர் 16

காவலாளி சுகுமாரன் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியம்.

"உங்கம்மாதாம்மா. எம்மக போட்ட கோலம், ஒரு எடம் விட்டுப்போச்சுன்னாங்க. நான்தான் கோலத்தைச் சுத்திக் கட்டின கயித்தைத் தூக்கி விட்டேன்."

கிள்ளானில் வீடு போய்ச் சேரும் வரைக்கும் கொமுட்டர் ரயிலில் மனதுக்குள் ஒரே சண்டை. என் கோலத்தைத் திருத்த இவர் யார்? ஊருக்குப் பயந்து பயந்து வாழ்ந்தது போதாதென்று என்னையும் பயப்படச் சொல்கிறாரா?

அம்மா வேலைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். நிமிரவில்லை.

"அன்னிக்கு ஒங்க அத்தைங்க அழிச்சாங்க. யாரும் என்னைக் கேக்கல. இப்ப நீ தெனம் அழிக்கிற."

அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பெரிய கலகக்காரி! ஊர் மொத்தத்தையும் சந்தேகப்பட்டேன். யார் நெற்றியை வரைந்தேனோ அவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கு. அழுகையா வருது.

அக்டோபர் 17

இன்று பொட்டை நானே வைத்தேன். கௌசல்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். மிஸ் லிம் கோலம் அழகு என்றார். அதை இன்னும் முழுதாக நம்பவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடிந்து அம்மா அறையிலேயே வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது நெற்றியில் சின்னதாகச் சிவப்பு. என்னைப் பார்க்காமல் முறுக்கைத் தட்டில் அடுக்கினார்.

வாசலில் கார் நின்றது. காஜாங்கிலிருந்து பெரிய அத்தை. அப்பா போன அன்று அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு பொட்டைத் துடைத்தவர். நான் முதலில் போய் ஏதாவது பேச்சுக் கொடுக்கலாம் என்று எழுந்தேன்.

அம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தார்.