மச்சான் தோட்டத்து மண்

வியாழக்கிழமை.

நிபோங் திபாலில் கீரை போடும் முனியாண்டி அண்ணன், போன வாரம் கொடுத்த தோட்டத்து மண்ணின் முடிவைக் கேட்க இன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார்.

"அண்ணே, மண்ணுல ஆர்சனிக் விஷம் கூடுதலா இருக்கு. சிவப்பா தெரியுதே இரும்புத் துரு, அதுலதான் ஒட்டியிருக்கு," என்றேன்.

அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அது என் மண்ணு இல்ல தங்கச்சி. என் மண்ணு பெயிலாயிடும்னு பயந்து, மச்சான் தோட்டத்துல அள்ளிட்டு வந்தேன்."

பரீட்சைக்கு ஆள் மாற்றியிருக்கிறார்! கத்திவிட்டேன். "அப்ப அன்னிக்கு மண்ணோட சேர்த்து எனக்கு ஒரு கட்டு குடுத்தீங்களே, அந்தக் கீரை?"

"அதுவும் மச்சானோடதுதான் லா."

இரண்டு தோட்டத்து மண்ணையும் நாளைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மச்சானிடம் யார் சொல்வது?

வீட்டுக்கு வந்தால் கணவர் சொல்கிறார்: "அந்தக் கீரை நல்லாயிருந்துச்சு, இன்னொரு கட்டு கேளு. நல்ல இரும்புச்சத்து."