அங்கே பால், இங்கே வெல்லம்

13 ஆகஸ்ட் 1978, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். பெட்டி அடுக்கத் தொடங்கினேன். கம்பளிக் கோட்டுக்குள் எறும்பு. 24 வியாழன் விமானம், ருஷ்யாவுக்கு. உலோகவியல், நான்காம் ஆண்டு.

மாலை சித்தி வந்தாள். "அங்க டாக்டருக்கும் டப்பு இல்ல, காலேஜுக்கும் இல்லியாமே? அப்ப உங்கிட்ட இன்னாதான்டி புடுங்கறாங்கோ?"

மூன்று வருடமாக எனக்கும் இதே சந்தேகம். "குளிர்லயே பாதி உசுரு போவுது சித்தி, அது பத்தாதா?"

அம்மா இருமினாள். நான் திரும்பிப் பார்த்த பிறகு.

சித்தி உடனே: "இவள இப்டி உட்டுட்டு ஏரோப்ளேன் ஏறப் போறியா? ஆர்.கே.பேட்டை வாத்தியாரு இன்னும் காத்துக்கினுதான் கீறாரு."

இருமலும் மாப்பிள்ளையும் ஒரே மூச்சில். பேசி வைத்துக்கொண்டார்களா?

நைனாவுக்கு ஆலையில் இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட். கேட்டு வாங்கினாராம். பகலில் வீட்டில் படுப்பதில்லை, பம்ப்செட் பக்கம் வேப்ப நிழலில் தூக்கம். பெற்ற மகளின் முகத்தைப் பார்க்கச் சங்கடமோ?

14, திங்கள்

அரசு ஆஸ்பத்திரி. கூட வர வேண்டாம் என்றாள் அம்மா, பிடிவாதமாகப் போனேன். வரிசை வாசலுக்கு வெளியே வரை. எல்லார் கையிலும் காலி பாட்டில். பாட்டில் கொண்டுபோனால்தான் மருந்து. எங்களுடையது கழுவிய நல்லெண்ணெய் பாட்டில்.

டாக்டரிடம் அம்மா: "மாரு அடைக்குது சார். ராத்திரில படுக்க முடில, குந்திக்கினே கெடக்கறேன்."

பொய். என் பக்கத்தில்தான் படுக்கிறாள். குறட்டை.

நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார். "ஒண்ணுமில்ல, சளி." மிக்ஸ்சர். வேளைக்கு ஒரு கோடு என்று காகிதத்தை வெட்டி பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தார்கள்.

அங்கே ருஷ்யாவில் வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் நெஞ்சுப் படம் எடுக்காவிட்டால் விடுதியில் இடமில்லை. எங்களை வேவு பார்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு படம் எடுத்தால் குட்டு வெளிப்படும். இங்கே யார் எடுப்பார்கள்?

17, வியாழன்

பொன்னேரி போய் வந்தோம், நானும் அம்மாவும். மிளகாய்த்தூள், ஊறுகாய், பிளாஸ்டிக் டப்பா.

திரும்பியதும் பாட்டிலைப் பார்த்தேன் (தினமும் பார்க்கிறேன், வெட்கம்தான்). காலையில் பார்த்ததற்கு ஒரு கோடு குறைந்திருக்கிறது. அம்மா என்னோடு பஸ்ஸில் இருந்தாள். வீட்டுப் பக்கம் இருந்தது நைனா மட்டும்.

பம்ப்செட்டுக்குப் போனேன். குந்தியபடி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் கத்தினேன்.

"மெதுவாடி! அடுத்த மாசம் ஆலைல அவுர பர்மனென்ட் பண்றாங்கோ. ஆஸ்பத்திரி சீட்டுல அவுரு பேரு உழுந்தா, கான்ட்ராக்டர் அன்னிக்கே வெளிய போன்னுடுவான்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ போவமாட்டியாம். நைனாதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு."

என்னைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அனுப்பிவைக்கத்தான் இவ்வளவும். அம்மாவின் நெஞ்சைக் கேட்டு எழுதிய மருந்து, நைனாவின் நெஞ்சுக்கு.

நைனாவுக்கு வார்ப்பட ஆலையில் அச்சு மண் உடைக்கிற வேலை. தூசிக்குத் தினம் ஒரு கட்டி வெல்லம் தருகிறார்கள், தொண்டைத் தூசியை இறக்கிவிடுமாம். அங்கே நான் பயிற்சிக்குப் போன ஆலையில் அதே வேலைக்குத் தினம் பால். கூடவே நெஞ்சுப் படம். பாலை நம்பியதில்லை. வெல்லத்தையும் நம்பவில்லை. ஆனால் படம்?

வேலை நிரந்தரமானால் வைத்தியம் உண்டு. நிரந்தரமாவதற்கு நோயில்லாத நெஞ்சு வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

21, திங்கள்

நான்கு நாள் சண்டைக்குப் பிறகு நைனா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வரிசையில் ஆலை ஆள் யாராவது உண்டா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். டாக்டர் பேர் கேட்டபோது என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார், தன் பேரை. யாருக்கும் கேட்காத குரலில்.

இந்த முறை குழாயை எடுக்கவே நேரமாயிற்று. திருவள்ளூரில் படம் எடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை.

"நீ வியாழக்கெழம கெளம்பு கண்ணு. படம் எடுத்துக்கினு கடுதாசி போடறோம்" என்றாள் அம்மா. நைனா வேகமாகத் தலையாட்டினார். அளவுக்கு மீறி வேகமாக.

நம்பவில்லை. நான் போய்விட்டால் வெள்ளிக்கிழமை அந்த மெஷின் முன் யாருடைய நெஞ்சு நிற்கும்?

நாளை பட்டணம் போய் டிக்கெட்டை மாற்ற வேண்டும். கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். இருமவில்லை.