மருமகனை மச்சான் என்று கூப்பிட்டேன்

அன்புள்ள கங்கையம்மாளுக்கு, செம்பாக்கம் வாட்ச்மேன் அறையிலிருந்து ஏகநாதன், என் கையாலேயே எழுதுவது. உன் முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்கும் பேச்சு வராது. அதனால் இன்று ஊருக்கு வருகிற கோவிந்தசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் தம்பி தணிகாசலத்தைப் படிக்கச் சொல்.

பேத்தி தர்ஷினிக்கு ரத்தம் ஊறுவது குறைந்துகொண்டே போகிறது. வேறொருவரின் ஸ்டெம் செல்லைச் சீக்கிரம் ஏற்ற வேண்டுமாம். பெற்றவர்கள் ஹேமாவதி, தீனா இருவருடையதும் பாதிதான் பொருந்தியது. வெளியாட்களிலும் யாரும் கிடைக்கவில்லை. மரபணு ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ரோஹிணி, சொந்தத்தில் கல்யாணமா என்று முன்பே கேட்டிருக்கிறார். திட்டுவார் என்று பயந்து இருவரும் இல்லை என்றுவிட்டார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் எதிரிலேயே, "தீனா மச்சான், தண்ணி எடுத்துக்கினு வா" என்றேன்.

"மருமகனையா மச்சான்னு கூப்பிடுறீங்க?" என்றார் டாக்டர்.

"என் பொஞ்சாதியோட தம்பிதாங்க. பொண்ணையும் அவனுக்கே குடுத்துட்டோம்."

"நயினா!" என்று ஹேமாவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளில் நம் குடும்பத்தையே வரைந்தார். எல்லார் பெயரையும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், கங்கா! தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் உன் பிறந்த வீட்டு ரத்தம் ஓடுவதால், முழுதாகப் பொருந்துகிறவர் அங்கேயே இருக்கலாமாம். சோதித்தால்தான் தெரியும். என் ரத்தத்தை எடுங்கள் என்று நான் கையை நீட்டினேன். ஆனால் முதலில் உன்னையும் தணிகாசலத்தையும்தான் கேட்கிறார்.

உடனே இருவரும் புறப்படுங்கள். தாம்பரத்தில் காத்திருப்பேன். நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் எடுத்து வா, இங்கே தனியாகச் சாப்பிட்டால் இறங்கவில்லை. இனி உன் பிறந்த வீட்டுப் பெருமையை எவ்வளவு பேசினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். வாசலில் ஹாரன் அடிக்கிறார்கள், போகிறேன்.

ஏகநாதன்