ஷூட்டிங்ல சமைக்கப் போன அம்மா

அம்மா,

ஷூட்டிங்ல சமைக்கப் போறேன்னுதானே அப்பாகிட்ட சொல்லிட்டுப் போன? நல்லா சமைச்ச போ.

காலேஜை விட்டுட்டு இங்க தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறேன்ல, நேத்து புதுப் படம் வந்துச்சு. கிராமத்துப் பொம்பளைங்க ஆடக் கத்துக்கிட்டு, புருஷனுங்களுக்குப் பயப்படறதை விடற கதை. ஆடறவங்கள்ல மூணாவதா பார்த்தா நீ! டார்ச்சும் கையுமா நடு வழியில நின்னுட்டேன். பின்னால ஒருத்தர், "மறைக்காதம்மா"ன்னாரு. "அது எங்கம்மாங்க"ன்னேன். "அப்போ நீயும் போய் ஆடு, இங்க நிக்காத"ன்னாரு.

நாலு ஷோவும் பார்த்தேன். படத்துல எந்த ஆம்பளை உள்ள வந்தாலும் உன் கை தானா முந்தானையை இழுத்துக்குது. அப்பா செருப்புச் சத்தம் கேட்டா வீட்ல இழுப்பியே, அதே மாதிரி. படத்தோட கடைசி டான்ஸ்ல புருஷனுங்க எல்லாரும் எதிர்ல வந்து நிக்கறாங்க. உன் கை தோள்கிட்ட போச்சு. "இழுக்காதம்மா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். ஆனா அது தோளைத் தாண்டி மேல போய் ஆட ஆரம்பிச்சுது. தியேட்டரே கை தட்டுச்சு, அதுல பாதி சத்தம் என்னோடது.

நம்ம வீட்ல அடங்காதவ நான் ஒருத்திதான்னு இத்தனை நாள் திமிரா இருந்தேன்.

வர்ற வெள்ளிக்கிழமை அங்கயும் படம் போடறாங்களாம். அப்பா போகலேன்னாலும் யாராவது பார்த்துட்டு வந்து அவர் காதுல ஓதுவாங்க. நான் வியாழக்கிழமையே வந்துடறேன். அவர் செருப்புச் சத்தம் கேட்கறப்ப உன் பக்கத்துலதான் நிப்பேன். முந்தானையை இழுக்காத, என் கையைப் பிடிச்சுக்கோ.

உன் படிக்காத கழுதை