சொல்லிக்கொண்டு கிளம்பியவன்

அன்புள்ள அம்சவல்லி அறிய, சென்னை புங்கமரத் தெருவிலிருந்து உன் வீட்டுக்காரன் பாவாடை தன் கையாலேயே எழுதிக்கொண்டது.

தன் கையாலேயே என்பதை இன்னொரு தடவை படித்துப் பார். யாரும் பக்கத்தில் இல்லை. யாரும் சொல்லச் சொல்ல எழுதவில்லை. மேலே இருக்கிற வரியை முடித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சிரிப்பதை மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஐந்தாவது படித்தவள் என்று நீ என்னிடம் எவ்வளவு பெருமை அடித்திருப்பாய். பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏங்க, அது கருவேப்பிலங்குறிச்சி வண்டிங்க, ஏறிடாதீங்க" என்று கத்துவாய். இனிமேல் அந்தப் பெருமை என்னிடம் நடக்காது. இங்கே பூங்காவில் மத்தியானம் வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கு இளமதி டீச்சர் எழுத்து சொல்லித்தருகிறார். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலில் என் பெயரை எழுதச் சொன்னார். நான் உன் பெயரைக் கேட்டு வாங்கி எழுதினேன். அந்தப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் எழுதப் படித்ததற்குக் காரணம் உண்டு. போனில் நாம் பேசுவது பேச்சே இல்லை. அங்கே வளர்மதி கையில் போன். இங்கே தமிழ்ச்செல்வன் கையில் போன். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள், "அம்மா நல்லா சாப்புடறாங்கப்பா" என்று நம் மகளே சொல்லிவிடுகிறாள். நீ கேட்பதற்குள், "அப்பா ஜம்முனு இருக்காரும்மா" என்று மகன் சொல்லிவிடுகிறான். உனக்கு மகள் வீடு, எனக்கு மகன் வீடு என்று பிரித்தபோது, கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். ஊரில் நாம் இருந்த லைன் வீட்டைக் காலி செய்த அன்று நீ என்னிடம் சொல்ல வந்த ஏதோ ஒன்றை இன்னும் சொல்லவே இல்லை. கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதனால்தான் கஷ்டப்பட்டுக் கற்றேன்.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னை என்றதும் நீ கூட்டத்தை நினைத்துக்கொள்வாய். இங்கே கூட்டம் இல்லை. தெருவுக்குத் தெரு மரம். தெருவின் பெயரும் மரம்தான். பக்கத்தில் ஏரி இருக்கிறது. காலையில் மதில்மேல் மயில் நிற்கிறது. நடைப்பயிற்சி போகிறவர்கள் ஒருவருக்கொருவர், "கிராமம் மாதிரி இல்ல?" என்று சொல்லிக்கொள்கிறார்கள். செராமிக் கம்பெனி பக்கம் நாம் இருந்த இடத்தில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சூளைப் புகையும் வெள்ளைத் தூசியும்தான். அதனால் எனக்கு இந்த மரங்களைப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் நாவல் பழம் கொட்டி ரோடே கறுத்துக் கிடக்கிறது, பொறுக்க ஆளில்லை. ஒரு நாள் துண்டு நிறையப் பொறுக்கி எதிர்வீட்டில் கொடுக்கப் போனேன். அந்த அம்மா உள்ளேயிருந்து கேமராவில் என்னைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது என்னை இங்கே யாருக்கும் தெரியாது. நீ பக்கத்தில் இருந்தால் இது நல்ல இடம்தான், அம்சா. ஊரைக் கேட்டு நான் அழவில்லை.

இனி சொல்லப்போவதைப் பதறாமல் படி.

போன மாதம் வீடியோவில் வளர்மதி உன் முகத்தை மட்டும் காட்டினாள். உன் காதில் தோடு இல்லை. மூக்குத்தியும் இல்லை. கல்யாணம் ஆன நாள் முதல் நீ அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறோம் என்று வளர்மதி சொன்னாள். நீ வேறு பக்கம் பார்த்தாய். தலையணை உறையும் வளர்மதி வீட்டு உறை இல்லை, ஆஸ்பத்திரி உறை போல வெள்ளையாக இருந்தது. உன் அக்காவைப் புதுச்சேரிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனபோதும் இப்படித்தான் தோடு மூக்குத்தியெல்லாம் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கே மகனிடம், என்னைக் கொண்டுபோய் விடு என்று சொன்னேன். பார்க்கலாம்ப்பா என்றான். மறுபடி கேட்டேன். மறுபடியும் பார்க்கலாம் என்றான்.

அதனால் நானே கிளம்பினேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பஸ் மாற வேண்டிய கிளாம்பாக்கம், நீ இருக்கிற விருத்தாசலம் இரண்டையும் நன்றாக எழுதிப் பார்த்து வைத்திருந்தேன். மகன் ஆபீசுக்குப் போனதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருமுனையில் வாட்ச்மேன் ஆதிநாராயணன் இருந்தார். ஊருக்குப் போயிட்டு வரேன் என்றேன். இஸ்திரி வண்டிக்காரரிடமும் சொன்னேன். பூ விற்கிற ராஜாம்பாளிடம், வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, போயிட்டு வரேன்மா என்றேன். யாரோட போறீங்க என்று எல்லோரும் கேட்டார்கள். தனியாகத்தான் என்றேன். அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பஸ் வந்தது. நெற்றியில் கிளாம்பாக்கம் என்று போட்டிருந்தது. நானே படித்தேன், அம்சா. யாரையும் கேட்கவில்லை. படியில் ஒரு காலை வைத்திருப்பேன், பின்னாலிருந்து பையை யாரோ பிடித்து இழுத்தார்கள். ராஜாம்பாள், மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். "தாத்தா, எறங்குங்க. உங்க புள்ள வந்துக்கிட்டு இருக்காரு." கண்டக்டரும், எறங்கு பெருசு, நேரம் ஆவுது என்றார். இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. தமிழ்ச்செல்வன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அவன் அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை.

மறுநாள் ஆதிநாராயணனிடம் கேட்டேன், நீங்களா போன் பண்ணினீங்க என்று. ஆமாம் என்றார். "தனியா ஊருக்குப் போறேன்னு சொன்னா என்னங்க பண்றது? சொல்லாம போயிருந்தா, பார்க்குக்குப் போறீங்கன்னு விட்டிருப்பேன்ல."

"சொல்லாம கெளம்பறதுக்கு நான் என்ன திருடனாங்க?"

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். இந்தப் பகுதிக்காரர்களெல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் என் போட்டோ இருந்தது. கீழே எழுத்து இருந்தது. ஆதிநாராயணன் படித்துக்காட்ட வந்தார். வேண்டாம், நானே படிக்கிறேன் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். இவர் என் தந்தை. மறதி உள்ளவர். தனியாகப் பார்த்தால் அழைக்கவும்.

நம் தெருவில் யாராவது திருமுட்டம் வரை போனாலும் நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தானே போவோம். அந்தப் பழக்கத்தில்தான் சொன்னேன். எனக்கு மறதி இருந்திருந்தால் சொல்ல மறந்திருப்பேன். உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

இப்போது இங்கே என்னைத் தெரியாதவர்கள் இல்லை. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து வெளியே வந்து, சாப்பிட்டாச்சா தாத்தா என்று கேட்கிறார்கள். பால்காரர் வண்டியை நிறுத்தி வீடு வரை கொண்டுவந்து விடுகிறார். மெயின்ரோடு பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் தோளில் கை போட்டு, வாங்க வூட்டுக்குப் போலாம் என்கிறார்கள். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்களிடம் என் வீட்டுக்காரிக்கு உடம்பு முடியவில்லை, நான் போக வேண்டும் என்று சொன்னால், ஆமா தாத்தா, நாளைக்குப் போலாம் என்கிறார்கள். குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்கிறார்கள். இளமதி டீச்சர்கூட நேற்று, இன்னைக்கு என்ன கிழமைங்க ஐயா என்று மெல்லக் கேட்டார். வியாழன் என்றேன். சரிதான் என்றார். ஆனால் கேட்டுவிட்டார்.

இந்தக் கடிதத்தை அவர்தான் தபாலில் போடுவார். படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வளர்மதி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தபால்காரர் வருவார் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். நீயே வாங்கி, நீயே படி. எழுந்து வந்து வாங்க முடியாமல் இருந்தால், என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன். வளர்மதியைத் திட்டாதே. அவளும் பயந்துபோய்த்தான் பாலிஷ் என்று சொல்லியிருப்பாள்.

பதில் போட வேண்டாம். இங்கே தபால் மருமகள் கைக்குத்தான் போகும். எனக்கு மறதி என்று போட்ட பிறகு என் வார்த்தை யார் காதிலும் ஏறுவதில்லை. உன் வார்த்தை ஏறும். நீ இதுவரை பிள்ளைகளிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் நீ கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது, இரண்டு பக்கமும் எல்லோரும் கேட்கும்படி, எனக்கு உடம்பு முடியவில்லை, அவரை அனுப்பி வையுங்கள் என்று மட்டும் சொல். நீ பொய் சொல்கிறவள் இல்லை. எனக்காக இந்த ஒன்றைச் சொல். நன்றாக நடமாடிக்கொண்டு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, வாய் கூசாமல் சொல்.

அது பொய்யாகவே இருக்க வேண்டும் என்று நம் ஊர் முருகன் கொளஞ்சியப்பருக்குப் பிராதுச் சீட்டு எழுதி மடியில் வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்து அவர் வேலில் கட்டுவதற்காவது என்னைக் கூப்பிடு, தாயே.

உன் வீட்டுக்காரன்,
பாவாடை