இரண்டாவது வெடி

செப்டெம்பர் 15, திங்கள்

விடியவே மழை. பால்கனிக் கொடியில் போட்ட உடுப்பெல்லாம் நனைந்தது. எடுக்கத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

லீவு முடிந்து இன்று முதல் வேலை நாள். வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்கு பஸ். காலி வீதி முழுக்கத் தண்ணீர். நீதிமன்றத்தில் எல்லோரும் ஒரே மாதிரித் தலையைச் சரித்துப் பார்த்தார்கள். பதிவாளர் அறையில் ஒருத்தி மற்றவளிடம்: "தங்கச்சியாம். டெங்கு. ரெண்டு பேரும்தான் ஒரே ஃப்ளட்டில இருந்தவை. பாவம், இனித் தனியத்தான்." எனக்குக் கேட்கும் என்று தெரியாமல் சொன்னாள். எல்லாம் சரியான தகவல்தான். கோப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புது வழக்கு. கொலை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குமரேசன், ஹட்டன் பக்கம். சிங்களம் அரைகுறை, ஆகவே உரைபெயர்ப்புக்கு நான். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க ஆள் அனுப்பும் கொம்பனி ஒன்றில் காவலாள். இறந்தவர் சுனில், அதே கொம்பனி. ஒரே கப்பலில் போய் ஒன்றாகத் திரும்பியவர்கள். ஹெந்தளையில் கொம்பனியின் ஆயுத ஸ்டோர்ஸ். பின்வளவில் குமரேசன் ரைபிள்களைச் சோதிக்கும்போது மணல் தொட்டிக்குள் ஒரு வெடி. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அது சுனிலின் நெஞ்சில்.

நாளைக்கு:
– ஆயுத நிபுணரின் அறிக்கை, முழுதும்
– கேஸ் சிலிண்டர்
– அண்ணாவுக்குப் பதில் (தங்கச்சி ஷாமினியின் அலுமாரி)
– உடுப்பு எடுக்க

செப்டெம்பர் 16, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

அறிக்கை ஆங்கிலத்தில். முதல் வாசிப்பில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் தரம் பென்சிலோடு. எனக்கு விளங்கியதைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். இங்கே வராவிட்டால் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்லவும் வராது.

தோட்டா வெடிக்கும்போது குண்டை முன்னால் தள்ளுவது கேஸ். அதில் கொஞ்சம், குழலில் இருக்கும் சின்னத் துளையால் மேலேறி, மெல்லிய குழாய் வழியே பின்னால் வருகிறது. வந்து உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையைப் பின்னோக்கி அடிக்கிறது. கட்டை பின்னால் போகும்போது வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதை வெளியே எறியும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறும். செமி-ஆட்டோ என்பது இவ்வளவுதான். சுடுவதற்கு ஒவ்வொரு முறையும் விரல் வேண்டும். ஏற்றுவது மட்டும் தானாக.

துளை எங்கே என்பது முக்கியம். தோட்டா வெடிக்கும் இடத்துக்குக் கிட்ட இருந்தால் கேஸ் சூடாகவும் மூர்க்கமாகவும் வரும். கோது இன்னும் இறுகிப்போய் இருக்கும்போதே இழுபடும், பாகங்கள் சீக்கிரம் தேயும். தள்ளி இருந்தால் அடி மெதுமை, ஆயுள் கூட. ஆனால் துளையைக் கடந்த பிறகும் குண்டு கொஞ்ச தூரம் குழலுக்குள் ஓட வேண்டும். அது ஓடும்வரைதான் அமுக்கம் நிற்கும். குண்டு வெளியே போனதும் கேஸும் அதன் பின்னாலேயே போய்விடும்.

இந்த ரைபிளின் நுனி முந்திய பயணம் ஒன்றில் கப்பலில் எங்கேயோ அடிபட்டு நசுங்கியிருக்கிறது. கொம்பனியில் ஆயுதம் திருத்துகிற ஆள் நுனியை வெட்டிவிட்டார். துளை இருந்த இடத்திலேயே. அதற்கு முன்னால் இருந்த குழல்தான் குட்டையாகிவிட்டது. கேஸுக்கு வேலை செய்ய நேரம் போதவில்லை. கட்டை பாதி வழி போய்த் திரும்புகிறது, கோது நடுவில் மாட்டிக்கொள்கிறது. வெட்டினால் துளையைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டுமாம், ஸ்பிரிங்கையும் பார்த்து மாற்ற வேண்டுமாம். ஒன்றும் செய்யவில்லை.

இதில் என்ன கொலை? அரச தரப்பு சொல்வது இது: தானாக ஏறாத ரைபிளில் இரண்டாவது வெடி வந்தால், யாரோ கையால் ஏற்றியிருக்க வேண்டும். கையால் ஏற்றியவன் தெரிந்துதான் சுட்டான். கப்பலில் இருவருக்கும் தகராறு இருந்ததற்குச் சாட்சியும் உண்டு.

சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த ஆள் சிங்களத்தில், "மற்ற மிஸ் எங்கே?" என்று கேட்டான். வெளியே போயிருக்கிறா என்றேன்.

அண்ணாவுக்குப் பதில் போடவில்லை.

செப்டெம்பர் 17, புதன்

காலை, வழக்கு கூப்பிடுமுன் குமரேசனைப் பார்க்க அனுமதித்தார்கள், சொற்களைச் சரிபார்க்க. முப்பதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும். கழுத்துப் பட்டன்வரை பூட்டிய வெள்ளைச் சேர்ட். 'வாயு' என்று தொடங்கினேன். விழித்தார்.

"கேஸ்னே சொல்லுங்க மிஸ். நாங்களும் அப்படித்தான் சொல்றது."

பிறகு, "நான் பேசுறத நீங்க எப்படிச் சொல்லுவீங்க? இவரு இப்படிச் சொல்றாருன்னா?"

"இல்ல. நீங்க நான் எண்டு சொன்னா, நானும் நான் எண்டுதான் சொல்லுவன். அதுதான் முறை."

கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குக் கஷ்டம் இல்லையா?"

"பழகிட்டுது."

உண்மைதான். எத்தனை வருடம். நான் திருடினேன், நான் காணவில்லை, நான் அவளை அடிக்கவில்லை. பின்னேரம் பஸ்ஸில் ஏறினால் ஒன்றும் ஒட்டியிருக்காது. இப்போது என்னுடைய நானும் அப்படித்தான் இருக்கிறது.

நிபுணர் பொறுமையான மனிதர். வசனத்துக்கு வசனம் நிறுத்தி எனக்கு இடம் விட்டார். எதிரித் தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டார்.

"நீங்கள் சுட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் மாட்டியதா?"

"இல்லை. சில முறை தானாக ஏறியது."

"எதனால்?"

"தோட்டாவுக்குத் தோட்டா மருந்தின் வேகம் சற்று மாறும். எண்ணெய், அழுக்கு, பிடிக்கிற பிடி, எல்லாம் சேரும். இந்த ரைபிள் விளிம்பில் நிற்கிறது."

"அப்படியானால் அன்றைக்கும் தானாக ஏறியிருக்கலாம்?"

"இருக்கலாம்."

சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார். அந்த 'இருக்கலாம்' போதும் அவருக்கு. தானாக ஏறியது, விரல் தவறி அழுந்தியது, சுனில்தான் விதியை மீறிக் குழலுக்கு முன்னால் குறுக்கிட்டார். இதுதான் அவர்களுடைய கதை.

பின்வரிசை வாங்கில் சுனிலின் மனைவி. வெள்ளை உடுப்பு. மடியில் கைப்பை, இரண்டு கையாலும் பிடித்தபடி. "குறுக்கிட்டார்" என்ற சொல் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்தா. நான் குமரேசனுக்குத் தமிழில் சொன்னேன். அவரும் குனிந்தார்.

மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம்.

செப்டெம்பர் 20, சனி

கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி வந்தா, புட்டும் மீன் குழம்பும் கொண்டு. வந்தவுடனேயே அலுமாரியைத் திறந்தா. அண்ணா கனடாவிலிருந்து அவவையும் அரித்திருக்கிறார்.

"பிள்ளை, உடுப்ப இப்பிடியே வச்சிருந்தா பூஞ்சணம் பிடிச்சிடும். கோயில்ல குடுத்தா ஆராவது உடுப்பினம்."

"ஓம் மாமி."

"நீ அழுதனியா எண்டு கேட்டா, முப்பத்தொராம் நாள் பூசையிலயும் அழேல்ல எண்டு சனம் கதைக்குது."

"கதைக்கட்டும்."

மாமி சாறிகளை மடித்தா. நான் பிடித்துக் கொடுத்தேன், ஒரு முனை அவ, ஒரு முனை நான். நீலம், மண்ணிறம், அந்த அசிங்கமான பச்சை. மணம் வந்தது. மணம் வருகிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான். மூன்று பை நிறைந்தது. கீழே முச்சக்கர வண்டியில் மாமியையும் பைகளையும் ஏற்றிவிட்டு வந்து குழம்பைச் சூடாக்கினேன். உப்புக் கூட.

ரயில் போகும்போது வெற்று அலுமாரியின் கதவு அதிர்கிறது. முன்பு அதிராது. பாரம் இருந்தது.

செப்டெம்பர் 22, திங்கள்

வெயில். ஏசி வேலை செய்யவில்லை, நீதிபதி விசிறிக்கொண்டிருந்தார்.

குமரேசன் சாட்சிக் கூண்டில் ஏறினார். சட்டத்தரணி வேண்டாம் என்றாராம், இவர்தான் பேசவேண்டும் என்றாராம். வாசலில் சட்டத்தரணியின் முகம் கறுத்திருந்ததைப் பார்த்தேன்.

முதல் கேள்விக்கே கதை மாறிவிட்டது.

"மொத வெடிக்கு அப்புறம் கோது மாட்டிக்கிச்சிங்க. சுனிலண்ணன நான்தான் கூப்பிட்டேன், வந்து பாருங்கன்னு. அவரா குறுக்க வரல."

சிங்களத்தில் சொன்னேன். அவரை நான்தான் கூப்பிட்டேன். அவராகக் குறுக்கே வரவில்லை.

சட்டத்தரணி எழும்பினார். நீதிபதி கையால் உட்காரச் சொன்னார்.

"தோட்டா ஏத்துற கைப்பிடிய நான்தான் இழுத்தேன். மாட்டினா இழுக்கணும்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. கப்பல்லயும் அந்த ரைபிள் அப்படித்தான். இழுத்தப்ப கோது விழுந்திச்சி. அடுத்த தோட்டா ஏறினத நான் கவனிக்கல. இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்குன்னு நெனச்சி, அவருக்குக் காட்டத் திரும்பினேன். வெரல் ட்ரிகர் வளையத்துக்குள்ள இருந்திச்சி."

நீதிபதி பேனாவை வைத்தார். என்னைப் பார்த்து, "இது அவருக்குப் பாதகமானது. சரியாக விளங்கித்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"விளங்குதுங்க. தானா ஏறிச்சின்னு சொன்னா நான் தப்பிச்சிருவேன்னு லாயர் சேர் சொன்னாரு. ஆனா அப்புறம் சுனிலண்ணன் மேலதானே பழி. எனக்கு உதவிக்கி வந்த மனுசன். அவரு சம்சாரம் அங்க ஒக்காந்திருக்காங்க."

அரச சட்டத்தரணி விடவில்லை. கப்பலில் சண்டை பிடித்தீர்களா?

"பிடிச்சோம். நான் காவல்ல தூங்கிட்டேன்னு கப்டன்கிட்ட சொல்லிட்டாரு. பொய் இல்லைங்களே, தூங்கினேன். ஒரு நாள் பேசல. அடுத்த நாள் அவரே டீ கொண்டாந்தாரு."

நான் இழுத்தேன். நான் திரும்பினேன். என் விரல் உள்ளே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், குரல் மாறாமல். சாட்சி முடிந்ததும் சுருக்கெழுத்துப் பெண் மெதுவாக, "மிஸ், கையில பென்சில் முறிஞ்சிருக்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். இரண்டு துண்டு. எனக்குத் தெரியவில்லை.

வரும் வழியில் பாண், முட்டை, சவர்க்காரம்.

ஒக்டோபர் 9, வியாழன்

இரு தரப்பும் பேசி முடித்தார்கள். தீர்ப்பு அடுத்த மாதம்.

வீட்டில் குளியலறை பல்ப் போய்விட்டது. மாற்றுவது எப்போதும் ஷாமினி, அவ உயரம். கதிரை வைத்து ஏறினேன். எட்டியது.

நவம்பர் 14, வெள்ளி

இருட்டிக் கொண்டிருந்தது, பெய்யவில்லை.

தீர்ப்பு. கொலை இல்லை. ரைபிளின் நிலைமையும் எதிரி சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றார் நீதிபதி. கவனயீனத்தால் மரணம். வழக்குக்கு முன் மறியல் சிறையில் இருந்த காலம் கணக்கில் எடுக்கப்படும், மிச்சத் தண்டனை ஒத்திவைப்பு. குழலை வெட்டிவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டது யார் என்பதைத் தனியாக விசாரிக்கச் சொன்னார். தமிழில் சொன்னேன். குமரேசன் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை, நீதிபதி அதற்குள் எழும்பிவிட்டார்.

கோப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வழியில், விறாந்தையில், வாங்கில் குமரேசன், கடதாசி வேலை முடியும்வரை காவலோடு. கூப்பிட்டார்.

"மிஸ், ஒரு நிமிசம். இவங்க என்னமோ கேக்கிறாங்க. வெளங்கல."

பக்கத்தில் சுனிலின் மனைவி. இவ்வளவு கிட்ட அவவை நான் பார்த்ததில்லை. என்னைவிட வயது குறைவு. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வானில் கொண்டுபோகும்போது சுனிலோடு பின்னால் இருந்தது குமரேசன் என்று யாரோ இன்றுதான் சொன்னார்களாம்.

"அந்திமட மொனவா ஹரி கிவ்வத?"

கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறா, என்றேன்.

குமரேசன் சுவரைப் பார்த்தார். பிறகு அவவை. "தண்ணி கேட்டாரு. நான் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு."

இது நீதிமன்றம் இல்லை. அவர் கொடுத்தாராம் என்று சொல்லியிருக்கலாம். பழக்கத்தில் வாய் போய்விட்டது.

"வதுர இல்லுவா. மம துன்னா. எக உகுரக் பிவ்வா."

அவ கைப்பையைக் கீழே விட்டா. குமரேசன் பக்கம் திரும்பவில்லை. நான் கொடுத்தேன் என்று சொன்னது நான்தானே. என் கையைப் பிடித்தா, இரண்டு கையாலும், மணிக்கட்டுக்கு மேலே, இறுக்கி. அவவுடைய கை சூடாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

அவருக்கு வலித்ததா என்று கேட்டா. என்னிடம். என் முகத்தைப் பார்த்து.

இல்லை என்றேன். குமரேசனிடம் கேட்காமலே.