தூக்கில் கொதித்த கருவாட்டுக் குழம்பு

கீழப்பழுவூரில் என் வீட்டை ஆளும் ஹேமலதாவுக்கு, சூரத்திலிருந்து ராஜதுரை எழுதுவது. நான் நலம், என் தொப்பையும் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தங்கியிருக்கும் இந்த அறையில் கேஸ் அடுப்புக்குத் தடை. அதனால் இண்டக்சன் ஸ்டவ் வாங்கினேன். கடைக்காரர் பாத்திரத்தைப் பற்றி இந்தியில் ஏதோ சொன்னார். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டேன். ஞாயிறன்று நம்மூர்க் கருவாட்டுக் குழம்பு வைப்பதாக அறை முழுக்க ஜம்பமும் அடித்தாயிற்று. எங்கம்மா கொடுத்த அலுமினியச் சட்டியை வைத்தால், அடுப்பு சூடாகாமல் கீச்கீச்சென்று கத்துகிறது.

"அண்ணே, உங்க சமையலுக்குப் பயந்துதான் கத்துது," என்றான் அறைத்தோழன் வீரமணி, நம்ம பக்கத்து மீன்சுருட்டி ஊர்க்காரன். "காந்தம் ஒட்டுற பாத்திரந்தாண்ணே இதுல சுடும்" என்று ஒரு காந்தத்தையும் கொண்டுவந்தான்.

எங்கம்மா சட்டியில் ஒட்டவில்லை. உங்கம்மா முறுக்குப் போட்டுக் கொடுத்த பெரிய எவர்சில்வர் தூக்கில் பச்சென்று ஒட்டிக்கொண்டது! இதை எங்கம்மா காதில் போட்டுவிடாதே. தூக்கிலேயே குழம்பு கொதித்தது. எல்லாரும் வழித்து நக்கினார்கள், என் மானம் தப்பியது.

அடி தட்டையாக, காந்தம் ஒட்டுகிற குழம்புச்சட்டி பரணில் இருக்கிறதா பார். பார்சலில் போட்டால் நெளிந்துவிடும். நீயே மடியில் வைத்துக்கொண்டு அரியலூரில் ரயில் ஏறிவிடேன்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
ராஜதுரை